மாற்றுவது அரை மணி வேலை, பழசை என்ன செய்வது?

கே.எல். 37 என்று தொடங்கும் எண் பலகை கேரளத்தின் வண்டிப்பெரியார் துணை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு உரியது. அந்தப் பலகையைத் தாங்கிய வண்டிக்குச் சமதளம் என்பது அபூர்வம். மேற்கே கிளம்பினால் பீர்மேடு வழியாகக் குட்டிக்கானம் வரை ஏற்றம், அங்கிருந்து பெருவந்தானம் வழியாக முண்டக்கயம் வரை இறக்கம். கிழக்கே கிளம்பினால் குமுளி, அதைத் தாண்டினால் லோயர் கேம்ப் வரை கொண்டை ஊசி வளைவுகள். கொல்லம்–தேனி தேசிய நெடுஞ்சாலை 183-ல் இந்த ஊர் உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி. நெடுஞ்சாலையை விட்டு எஸ்டேட் பாதைக்குள் திரும்பினால் கல்லும் சேறும்தான் சாலை. இங்கே ஓடும் எஞ்சின் படும் பாட்டைச் சென்னையில் ஓடும் அதே மாடல் கார் படுவதில்லை.

கார் கம்பெனிகளுக்கும் இது தெரியும். உரிமையாளர் கையேட்டில் பராமரிப்பு அட்டவணை இரண்டு உண்டு. முதல் அட்டவணை எல்லோருக்கும் தெரிந்தது: பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முன்னால் வருகிறதோ அப்போது எஞ்சின் ஆயில் மாற்றம். இரண்டாவது, கடினமான சூழலில் ஓடும் வண்டிகளுக்கு. குறுகிய தூர ஓட்டம், தூசிச் சாலை, நெடுநேரம் நின்றபடி எஞ்சின் ஓடுவது, கரடுமுரடான பாதை என்று அதில் நிபந்தனைகள் இருக்கும். வண்டிப்பெரியாரில் ஒரு சராசரி நாளை எடுத்துக்கொண்டால் இவற்றில் பாதியாவது பொருந்திவிடும். அப்போது இடைவெளி ஏறக்குறைய பாதியாகக் குறையும். இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்த கார்க்காரர்கள் குறைவு.

ஏற்றம் எஞ்சினைச் சூடாக்குகிறது என்பது யாருக்கும் புரியும். தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து கடைத்தெரு வரை நாலு கிலோமீட்டர் போய்த் திரும்பும் ஓட்டமும் ஆயிலைக் கெடுக்கும் என்பது பலருக்கும் தெரியாது. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே ஆயிலில் கலக்கும். எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறி அரை மணியாவது ஓடினால்தான் இவை ஆவியாகி வெளியேறும். மூடுபனிக் காலையில் ஸ்டார்ட் செய்து, சூடேறும் முன்பே அணைத்துவிடும் வண்டியில் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்பக்கம் மோர் கடைந்தது போல வெள்ளையாகப் படிந்திருக்கும். ஹெட் கேஸ்கெட் போய்விட்டதோ என்று பதறுவார்கள். கூலண்ட் குறையாமல், எஞ்சின் சூடு மீறாமல் இருந்தால் பெரும்பாலும் அது வெறும் ஈரம்தான். நீண்ட தூரம் ஒருமுறை ஓட்டிவிட்டு, ஆயிலைக் கொஞ்சம் முன்கூட்டியே மாற்றினால் சரியாகும்.

ஜீப்காரர்களுக்கு இதெல்லாம் பாடமாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து விடியற்காலையில் பெண் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்புகள் இந்தத் தமிழ்நாடு–கேரள எல்லையின் நாடித்துடிப்பு. மஹிந்திராவின் கமாண்டர், மேஜர் போன்ற பழைய ஜீப்புகள் இன்னும் இங்கே உழைக்கின்றன. சிலவற்றில் பிரான்சின் பெஜோ நிறுவன வடிவமைப்பில் வந்த டீசல் எஞ்சின், சிலவற்றில் மஹிந்திராவின் 2,523 சி.சி. டி.ஐ. எஞ்சின். இந்த வண்டிகளில் அடிப்பக்கம் உயரம். ஆள் ஜாக்கி இல்லாமலே உள்ளே நுழைந்துவிடலாம். வண்டியை ஒருநாள் ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ஒருநாள் ட்ரிப் போச்சு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே வேலை முடிந்துவிடும். 2000-ல் பீர்மேடு டீ கம்பெனியின் தோட்டங்கள் மூடப்பட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் வேறு பிழைப்புத் தேட வேண்டிவந்த வட்டாரம் இது. ஸ்டியரிங் பிடிப்பதும் ஸ்பேனர் பிடிப்பதும் இங்கே பொழுதுபோக்கில் சேராது.

இப்போது செகண்ட் ஹேண்ட் ஆல்ட்டோவும் வேகன் ஆரும் வாங்கிய குடும்பங்களும் அந்த வழியில் இறங்கலாமா என்று யோசிக்கின்றன. இறங்கலாம். ஆனால் பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் என்றால் ஏமாற்றம்தான். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் யார் மாற்றினாலும் ஒரே விலை. மிஞ்சுவது லேபர் மட்டும். வாரண்டியில் இருக்கும் காரைக் கம்பெனி சர்வீசுக்கே விடுவது புத்திசாலித்தனம். மற்றவர்களுக்கு உண்மையான லாபம் வேறு: ஆண்டுக்கு இரண்டு முறையாவது தன் வண்டியின் அடிப்பக்கத்தைத் தன் கண்ணால் பார்ப்பது. ஆக்சில் பூட் கிழிந்திருப்பது, ஆயில் தங்கும் சம்ப் கல்லில் அடிபட்டு நசுங்கியிருப்பது, எங்கோ ஒரு கசிவு, இவையெல்லாம் அப்போதுதான் தென்படும்.

முதல் பிரச்சினை இடம். சரிவில் நிற்கும் காரில் ஆயில் முழுதாக வடியாது, அளவும் தப்பாகக் காட்டும். சரிவில் ஜாக்கி போட்டு அடியில் படுப்பது தற்கொலைக்குச் சமம். சமதளத்தில்கூட ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் உள்ளே போகக் கூடாது. ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டு வேண்டும், பின் சக்கரத்துக்குக் கட்டை வேண்டும், ஹேண்ட் பிரேக்கும் கியரும் போட்டிருக்க வேண்டும். மாருதி 800 காலத்திலிருந்து சின்னக் கார்களுக்குத் தரையிடைவெளி குறைவு. ஆகவே சமமான சிமெண்ட் முற்றம் உள்ள உறவினர் வீட்டுக்கு ஓட்டிப் போய்விடுவது உத்தமம். அந்தப் பயணத்திலேயே எஞ்சினும் தேவையான அளவு சூடாகிவிடும். வெதுவெதுப்பான ஆயில்தான் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வேகமாக இறங்கும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துவிடும்.

சம்பின் அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டுக்கு வண்டியைப் பொறுத்து 14 அல்லது 17 அளவு ரிங் ஸ்பேனர். முனை திறந்த ஸ்பேனரைப் போட்டால் போல்ட்டின் தலை உருண்டுவிடும். தட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும், ஏனென்றால் முதல் பீச்சு நேராக இறங்காது. கையுறை அலங்காரத்துக்கு இல்லை. எஞ்சினில் ஓடிய ஆயிலைத் தோலில் திரும்பத் திரும்பத் தடவிய ஆய்வுகளில் எலிகளுக்குத் தோல் புற்றுநோய் வந்திருக்கிறது. வெறும் கையில் வேலை பார்த்துப் பெட்ரோலில் கை கழுவும் பட்டறை வழக்கத்தைப் பெருமையாகச் சொல்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஆயில் சொட்டுச் சொட்டாக வரும் நிலைக்கு வந்ததும் போல்ட்டைப் புது வாஷரோடு திரும்பப் போட வேண்டும். ஒரு காபியின் விலைகூட ஆகாத அந்த வாஷரை மிச்சம் பிடிப்பவர்களின் முற்றத்தில்தான் காலையில் கறுப்பு வட்டம் தெரியும். மாருதியின் பல எஞ்சின்களுக்கு இந்த போல்ட்டின் இறுக்கம் 35 நியூட்டன் மீட்டர். அளவு காட்டும் ஸ்பேனர் இல்லாதவர்கள் முழு பலத்தையும் காட்டக் கூடாது என்று மட்டும் நினைவில் வைத்தால் போதும். அலுமினியச் சம்பில் மரை போய்விட்டால் பிறகு செலவு ஆயிரக்கணக்கில்.

ஃபில்டர் இன்னும் எளிது, ஆனால் அதில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதியதைத் திருகினால் வளையத்தின் மேல் வளையம். முதல் சில நிமிடங்கள் ஒன்றும் தெரியாது. குட்டிக்கானம் ஏற்றத்தில் அழுத்தம் கூடும்போது ஒரேயடியாகப் பிய்த்துக்கொண்டு ஆயில் கொட்டும். புது வளையத்தில் ஒரு துளி புது ஆயிலைத் தடவி, கையாலேயே திருகி, வளையம் தொட்டதும் மேலும் முக்கால் சுற்று. ஸ்பேனர் கழற்றத்தான், இறுக்க அல்ல.

இந்தச் சின்னத் தகர டப்பாவுக்கு நூறு வயது கடந்துவிட்டது. 1923-ல் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட், ஜார்ஜ் கிரீன்ஹால் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கண்டுபிடித்த ஆயில் ஃபில்டர், அடுத்த ஆண்டே கிரைஸ்லர் காரில் இடம்பிடித்தது. அதற்கு முந்தைய ஃபோர்டு மாடல் டியில் ஃபில்டரே கிடையாது. ஆயிரம் மைலுக்குள்ளாகவே ஆயிலை வடித்துவிட வேண்டியிருந்தது. கையால் திருகிக் கழற்றும் வகை 1950-களில்தான் வந்தது. ஃபில்டரை வீட்டில் மாற்றும் துணிச்சல் நமக்கு வந்ததே அதனால்தான்.

எந்த ஆயில் என்ற கேள்விக்கு ஊரில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். “மலை ஏறுகிற வண்டி, கெட்டியான ஆயிலாகப் போடு” என்பார் ஒருவர். “குளிர் ஊர், தண்ணியாகப் போடு” என்பார் இன்னொருவர். இருவரையும் கும்பிட்டுவிட்டுக் கையேட்டைத் திறப்பதே சரி. 15டபிள்யூ-40 என்பதில் டபிள்யூவுக்கு முந்தைய எண் குளிர்காலத் தன்மையைக் குறிக்கிறது. 15டபிள்யூ ஆயிலே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் எஞ்சினைச் சுழற்றவிட வேண்டும் என்பது அதற்கான சோதனை. வண்டிப்பெரியாரின் மார்கழிக் குளிர் அதன் பக்கத்தில்கூட வராது. மறுபுறம், இன்றைய பெட்ரோல் எஞ்சின்களில் வால்வு நேரத்தை மாற்றும் பொறியமைப்பே ஆயில் அழுத்தத்தில் இயங்குகிறது. அதிலுள்ள குறுகலான ஆயில் வழிகளுக்கு 20டபிள்யூ-50 கொண்டுபோய் ஊற்றுவது கெடுதல். பழைய ஜீப் டீசலுக்கு 15டபிள்யூ-40, புதிய சின்னக் காருக்கு 5டபிள்யூ-30 அல்லது அதைவிட மெல்லியது என்பது பொதுவான நிலவரம். முடிவு கையேட்டுடையது.

ஊற்றும்போது மொத்தத்தையும் கவிழ்க்கக் கூடாது. சின்னக் கார்களுக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் பிடிக்கும். கால் லிட்டர் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஆயில் விளக்கு அணைகிறதா என்று பார்த்து, அணைத்து ஐந்து நிமிடம் பொறுத்து, அளவுக் கம்பியை உருவிப் பார்த்து மீதியைச் சேர்க்க வேண்டும். அதிகமானால் நல்லது என்ற நினைப்பு இங்கே செல்லாது. கிராங்க் அடித்து நுரை எழும்பினால் உயவு குறையும். டீசல் வண்டியில் போட்ட சில நாளிலேயே ஆயில் கறுத்தால் பயப்படவும் வேண்டாம். கரியை வாங்கித் தன்னுள் மிதக்கவிடுவதுதான் அதன் வேலை.

இத்தனையும் அரை மணி, பழகாத கை என்றால் ஒரு மணி. அதன் பிறகு தட்டத்தில் மூன்று லிட்டர் கறுப்பு ஆயில் நிற்கும்.

கேரளத்தில் அதற்குக் கரி ஆயில் என்று பெயர். அதற்கு உபயோகம் கண்டுபிடிப்பதில் நம் ஆட்கள் சளைத்தவர்கள் அல்லர். வேலிக்காலில் கரையான் ஏறாமலிருக்கத் தடவுவது, சென்டரிங் பலகையில் பூசுவது, கேட்டின் கீலில் விடுவது. 2012-ல் திருவனந்தபுரத்தில் கல்விக் கட்டண உயர்வை எதிர்த்தவர்கள் ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரியின் தலையிலேயே ஊற்றினார்கள். ஓடித் தேய்ந்த உலோகத் துகள், எரிந்த மிச்சம், கெட்டுப்போன வேதிச் சேர்க்கைகள் எல்லாம் கலந்த இந்தத் திரவம் அபாயகரமான கழிவு என்று 2016-ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகள் வகைப்படுத்துகின்றன. வேலிக்காலில் பூசியது மழையில் மண்ணுக்குத்தான் போகும். பீர்மேடு மலையோ கேரளத்தில் மழை மிகுந்த இடங்களில் ஒன்று.

ஒரு காரின் ஒரு ஆயில் மாற்றத்தில் வடிவது பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. வண்டிப்பெரியாரில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. ஊர் பெரியாற்றின் கரையில் இருக்கிறது, முல்லைப்பெரியாறு அணைக்குக் கீழே. 1895 முதல் அணையில் தேங்கும் நீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே தமிழ்நாட்டுக்குத் திரும்புகிறது. ஷட்டர் திறக்கும் மழைக்காலம் தவிர, ஊரைக் கடந்து ஓடுவது பெரும்பாலும் அணைக்குக் கீழே வந்து சேரும் சிற்றோடைகளின் நீர்தான். மாசி, பங்குனியில் ஆறு மெலிந்து கிடக்கும். அப்போது ஓடையில் விழும் ஒரு கேன் ஆயிலைக் கரைத்துக்கொண்டு போக வெள்ளம் இல்லை. அந்த நீர் சப்பாத்து, உப்புத்தறை வழியாக இடுக்கி நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அங்கிருந்து மூலமற்றம் மின்நிலையத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டுத் தொடுபுழை, மூவாற்றுப்புழை ஆறுகளில் இறங்குகிறது. அந்தக் கரைகளிலும் குடிநீர்த் திட்டங்கள் இருக்கின்றன.

பழைய ஆயில் குப்பையல்ல, மூலப்பொருள். சரியான ஆலையில் சுத்திகரித்தால் ஒரு கேலன் பழைய ஆயிலிலிருந்து இரண்டரை குவார்ட், அதாவது அறுபது சதவீதத்துக்கும் மேல், மீண்டும் உயவு எண்ணெயாகக் கிடைக்கும். அதே அளவைக் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்க 42 கேலன் வேண்டும். இந்தியாவில் 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரிக்கும், இறக்குமதி செய்யும் கம்பெனிகளே பழைய ஆயிலின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகளிடமிருந்து சான்று வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். விதி கம்பெனிக்கு. ஆனால் மலை வீட்டு முற்றத்தில் நிற்கும் மூன்று லிட்டரை வந்து எடுத்துக்கொள்ளும் கை இன்னும் நீளவில்லை.

ஆகவே நடைமுறை வழி பட்டறைதான். நிறைய வண்டிகள் ஏறி இறங்கும் சர்வீஸ் மையங்கள் பழைய ஆயிலைப் பீப்பாயில் சேர்த்து மொத்தமாக விற்கின்றன. தண்ணீரோ பெட்ரோலோ கூலண்டோ கலக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தப் பீப்பாயில் இதற்கும் இடம் உண்டு. கலந்துவிட்டால் மறுசுழற்சிக்கு ஆகாது. வேலையைத் தொடங்கும் முன்பே பக்கத்துப் பட்டறையில் பேசி வைத்துக்கொள்வது நல்லது. பேசியது கறாராக இல்லை என்றால் ஸ்பேனரைத் தொடாமலிருப்பது அதைவிட நல்லது. ஃபில்டரின் தலையில் ஆணியால் துளைத்து, சூட்டோடு ஓர் இரவு கவிழ்த்து வைத்தால் உள்ளே நின்ற ஆயிலும் வடியும். அதையும் கேனில் சேர்க்கலாம். கேரளத்தில் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனையினர் வீட்டுக்கு வந்து வாங்குவது கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கைத்தான். ஆயில் படிந்த டப்பாவை அந்தச் சாக்கில் திணிக்கக் கூடாது. புது ஆயில் வந்த காலி கேனை அப்படியே பழைய இரும்புக்கடைக்குப் போடுவதும் வேண்டாம். போலி ஆயில் நிரப்புவோருக்கு அசல் லேபிளோடு கிடைக்கும் கேன் பொக்கிஷம். கத்தியால் நடுவில் ஒரு கீறல் போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது.