மாரியும் மெலிந்த தேனீக் குடும்பமும்

குளிர் நாடுகளிலே தேனீ வளர்ப்போர் பனிக்காலத்தை அஞ்சுவர். வெப்பநிலை ஏறக்குறைய 14 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் அங்குள்ள தேனீக்கள் இராணியை நடுவிலே வைத்துப் பந்துபோலத் திரண்டு, பறக்குந் தசைகளை நடுக்கி வெம்மை பிறப்பித்து, சேமித்த தேனை உண்டு மாதக் கணக்காக உயிர் தாங்கும். யாழ்ப்பாணத்து மாரியில் அத்தகைய குளிர் இல்லை. ஆயினும், புதிதாகப் பெட்டியிற் குடியேற்றிய மெலிந்த குடும்பம் ஐப்பசிக்கும் தைக்குமிடையில் அழிந்தொழிதல் இங்கும் உண்டு. அதனைக் கெடுப்பன பசியும் ஈரமும் பெட்டியின் வெற்றிடமுமாம்.

சென்ற ஆண்டு புரட்டாதியில் அயலவர் ஒருவர் பழைய கிணற்றடிச் சுவரை இடித்தபோது தேனீக் கூடொன்று வெளிப்பட்டது. நெருப்பு வைக்க முனைந்தோரைத் தடுத்து, வதைகளை வாழைநாரினாற் சட்டங்களிற் கட்டி, பெட்டியிலிட்டு என் வளவிற்குக் கொண்டுவந்தேன். இருந்தவை மூன்று வதைகள். அவற்றுள் இரண்டைத்தானும் மூடப் போதிய ஈக்கள் இல்லை.

வேலைக்காரத் தேனீ உழைக்குங் காலத்தில் ஐந்தாறு வாரமே வாழும். முட்டை ஈயாவதற்கு ஏறக்குறைய மூன்று வாரஞ் செல்லும். மழை விடாது பெய்யின் ஈக்கள் வெளியே செல்லா; மகரந்தம் வாராதொழியக் குடம்பிகளுக்கு ஊட்டும் உணவு அற்றுப்போம்; இராணியும் முட்டையிடுதலைக் குறைக்கும். இறப்பனவற்றின் இடத்தை நிரப்பப் பிறப்பன இன்மையாற் குடும்பம் நாளுக்கு நாள் சுருங்கும். நம் நாட்டுத் தேனீக்கு வேறோர் இயல்பும் உண்டு. உணவு அற்றாலும், ஓயாது தொல்லையுற்றாலும், கூட்டைக் கைவிட்டு ஒருங்கே பறந்து போய்விடும். இதனை அறிந்திருந்தும், ஆவல் மிகுதியால் முதல் வாரத்தில் நாள்தோறும் பெட்டியைத் திறந்து பார்த்தேன், மாணவர்க்கும் காட்டினேன். அது பெரும் பிழை.

வெயில் எறிக்கும் நண்பகலொன்றில் ஒருமுறை திறந்து, அறைக்கு ஒவ்வொரு முட்டை உண்டோவென நோக்குதல் போதும். ஓரறையிற் பல முட்டைகள் தாறுமாறாகக் கிடப்பின் இராணி இல்லையென ஐயுறலாம். அப்போது வேறொரு குடும்பத்துடன் சேர்ப்பதே வழி. என் பெட்டியில் இராணி இருந்தது.

அடுத்து, வீட்டைச் சிறிதாக்கல் வேண்டும். குடம்பிகள் வளரும் இடத்தை ஈக்கள் 33 முதல் 35 பாகை வரையான வெம்மையில் வைத்திருத்தல் வேண்டும். சிறு கூட்டத்துக்குப் பெரிய பெட்டி வீண் சுமை. ஈக்கள் மூடாத மூன்றாவது வதையை அகற்றி, பலகைத் தடுப்பொன்றை இட்டேன். வெறும் வதையை விட்டுவைத்தால் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிட்டு, அதன் புழுக்கள் எல்லாவற்றையும் வலைபோற் பின்னிவிடும். வாயிலை இரண்டு மூன்று ஈக்கள் புகுமளவிற்கு ஒடுக்கி, உட்புகும் மழைநீர் வடியுமாறு பெட்டியைச் சற்று முன்பக்கம் சரித்தும் வைத்தேன்.

உணவு, சீனியும் நீரும் சம அளவிற் கரைத்த பாணி. ஆறிய பின் சிரட்டையில் ஊற்றி, ஈக்கள் மூழ்காதபடி வைக்கோற் துண்டுகளை மிதக்கவிட்டு, பொழுதுபட்ட பின்னரே பெட்டியினுள் வைத்தல் வேண்டும். பகலில் வைத்தாலும், வெளியே சிந்தினாலும், பிற கூட்டத்து ஈக்கள் மணமறிந்து கொள்ளையிட வரும். மெலிந்த குடும்பம் அதனைத் தாங்காது. நண்பரொருவர் பனங்கட்டியே நம் மண்ணுக்கு உரியதென்றார். அவர் சொற்படி கரைத்து வைத்தேன். அடைமழையால் ஈக்கள் வெளியே செல்லாதிருந்த நாட்கள் அவை. வாயிற்பலகையெங்கும் கழிச்சற் கறை படிந்தது. பனங்கட்டி நமக்கு நல்லதே. அடைபட்டுக் கிடக்கும் ஈக்குக் கசடற்ற வெள்ளைச் சீனியே ஏற்றது.

எறும்புக்காகப் பெட்டிக் கால்களை நீர் நிறைந்த தகரக் குவளைகளில் நிறுத்தியிருந்தேன். கார்த்திகைக் காற்றில் முருங்கைக் கிளையொன்று தாழ்ந்து கூரையைத் தொட, முசிறுகள் அவ்வழியே இறங்கின. விடியலிற் கண்டு கிளையை வெட்டியிராவிடிற் குடும்பம் அன்றே போயிருக்கும்.

மார்கழி கடைசியில், ஈரம் உலர்ந்த காலையொன்றில், கால்களில் மஞ்சள் மகரந்தஞ் சுமந்த ஈக்கள் வாயிலிற் புகக் கண்டேன். அன்றுதான் தடுப்புப் பலகையை ஒரு சட்டத்தளவு நகர்த்தினேன். பங்குனியில் வேம்பு பூத்தபோது வதைகள் ஐந்தாயிருந்தன. தேன் எப்போது கிடைக்குமென மாணவர் பலர் கேட்டனர். அவ்வாண்டு ஒரு துளியும் எடுத்திலேன்.