இரண்டு பம்பியும் ஒரு கம்பியும்

தமிழாசிரியன் ஒருவன் மோட்டார் வண்டியின் பழுதைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். வினா முறையானதே. யான் வண்டி ஓட்டவும் அறியேன். ஆயினும், பல்லாண்டுகளாக வகுப்பறையில் அளவை இயலைப் பற்றிப் பேசிவந்த எனக்கு, அவ்வியல் நேரே தொழிற்படுவதை ஒரு கராச்சின் எண்ணெய் படிந்த நிலத்தில் நின்று காணும் வாய்ப்பு அண்மையிற் கிடைத்தது. அதனை ஆசிரியரும் மாணவரும் அறிதல் நன்று என்று கருதியே இதனை எழுதுகின்றேன்.

என் தமக்கையாரின் மகன் பழைய யப்பானியக் கார் ஒன்றை வாங்கியிருந்தான். அது டர்போ பூட்டிய வண்டி. முன்னைய உரிமையாளர் அதன் வலுவை மேலும் கூட்டுவித்து, பெற்றோல் தாங்கியினுள் ஒரு பம்பி இருந்த இடத்தில் இரண்டு பம்பிகளைப் பொருத்துவித்திருந்தார். ஊருக்குள் ஓடும்போது அவ்வண்டியில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஒருநாள் அவனுடன் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருந்தேன். மாங்குளத்தைக் கடந்தபின் ஏ9 வீதியில் எமக்கு முன்னே ஒரு லொறி சென்றது. எதிரே வீதி வெறுமையாயிருந்தது. மருமகன் முந்துவதற்காக வண்டியை வலப்பக்கம் எடுத்து வேகத்தைக் கூட்டினான். வண்டி பாய்ந்தது; ஆனால் லொறியின் நடுப்பகுதியை அடைந்தவுடன், இருமுவது போல இரண்டு மூன்று முறை குலுங்கி வலுவிழந்தது. அவ்வேளை எதிரே தொலைவில் ஒரு பேருந்து தோன்றியது. முந்தவும் இயலவில்லை, பின்வாங்கவும் நேரம் போதவில்லை. லொறிச் சாரதி நிலைமையை உணர்ந்து தம் வேகத்தைக் குறைத்து வழிவிட்டமையால் தப்பினோம். முறிகண்டிப் பிள்ளையார் சந்நிதியில் இறங்கித் தேங்காய் உடைத்தபோது என் கை நடுங்கியது. அங்கே வாங்கிய கச்சான் பிரிக்கப்படாமலே வீடு வந்து சேர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் மருந்து சொல்வோர் பலர் தோன்றினர். பிளக்கை மாற்று என்றார் ஒருவர். பெற்றோலிற் கலப்படம் என்றார் மற்றொருவர். டர்போ தேய்ந்துவிட்டது என்றார் மூன்றாமவர். மருமகன் பிளக்குகளை மாற்றினான். பெற்றோல் வடிகட்டியை மாற்றினான். பணம் சென்றது; குறை சென்றிலது. ஈற்றில், இருக்கும் பம்பிகளிலும் பெரிய பம்பிகள் இரண்டை வரவழைப்பதற்குப் பணம் சேர்க்கலானான். அதற்குமுன் என் பழைய மாணாக்கர் ஒருவரிடம் வண்டியைக் காட்டும்படி அவனை வற்புறுத்தினேன். அவர் இலக்கண வகுப்பிற் கடைசி வாங்கில் இருந்தவர். இன்று சிறிய கராச் ஒன்றை நடத்துபவர்.

வண்டியின் முன்மூடியைத் திறக்குமுன் அவர் ஒரு கேள்வி கேட்டார்: “எப்பொழுது இப்படிச் செய்கிறது, தம்பி?”

“டர்போ நன்றாக வேலை செய்யும்போது மட்டும், அண்ணை. மெல்ல ஓடினால் ஒன்றுமில்லை.”

“அப்படியென்றால் இன்றைக்கு ஒரு சாமானையும் மாற்றுவதில்லை. முதலில் அளந்து பார்ப்போம்” என்றார்.

நிற்க. அவ்வண்டியின் தொழிற்பாட்டைச் சிறிது அறிந்தாலன்றி மேல்வருவது விளங்காது. டர்போ என்பது, எஞ்சினிலிருந்து வெளியேறும் கழிவு வாயுவின் விசையால் ஒரு சில்லைச் சுழற்றி, அதே அச்சிற் பூட்டிய மற்றொரு சில்லினால் வெளிவளியை நெருக்கி எஞ்சினுட் செலுத்தும் கருவி. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூக்கி 1905ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற எண்ணம் இது. வளி மிகுந்தாற் பெற்றோலும் மிகவேண்டும். 1 கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் வளி வேண்டும். டர்போ வளியை நெருக்கும் வேளையில், வெப்பத்தைத் தணித்தற்பொருட்டு இன்னுங் கூடுதலாகப் பெற்றோல் விடுவர். அப்பொழுது 1 பங்கு பெற்றோலுக்கு 11 அல்லது 12 பங்கு வளியே அமையும். அந்நேரத்திற் பெற்றோல் குறையுமாயின், கலவை உரிய காலத்துக்குமுன் தானே வெடித்து, உருளையினுள் ஏறியிறங்கும் முசலத்தையே உருக்கித் துளைத்துவிடவுங் கூடும்.

பெற்றோலைத் துமியாகச் சீறும் இன்ஜெக்டர்களுக்கு, எஞ்சினுட் செல்லும் வளியின் அமுக்கத்தைவிட ஏறத்தாழ 3 பார் மிகையான அமுக்கத்துடன் பெற்றோல் கிடைத்தல் வேண்டும். 1 பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சூழ்ந்த வளிமண்டலத்தின் அமுக்கம். டர்போ 0.8 பார் நெருக்குமாயின், பம்பி 3.8 பாருக்கு எதிராகத் தள்ளவேண்டும். பம்பியின் இயல்போ, எதிரமுக்கம் ஏற ஏறத் தள்ளும் அளவு குறைவது. பெற்றோல் மிகுதியாக வேண்டப்படும் நேரத்திலேயே பம்பி தளர்கிறது. இக்குறையை நீக்கவே இரண்டாம் பம்பி. மருமகனின் வண்டியில் முதற்பம்பி எப்பொழுதும் ஓடும். வளியின் நெருக்கம் ஓர் எல்லையைக் கடந்ததும், அமுக்க ஆளி ஒன்று இரண்டாம் பம்பியை ஓட்டும்.

இத்தகைய அமைப்பின் பெருங்கேடு அதன் மௌனம். மெல்ல ஓட்டும்போது இரண்டாம் பம்பிக்கு வேலையே இல்லை. அது செத்துக் கிடந்தாலும் ஒருவரும் அறியார். வேண்டும் வேளையிலேதான் குறை வெளிப்படும்; அது லொறியை முந்தும் வேளையாகவும் இருந்துவிடுகிறது.

சைவ சித்தாந்த நூலோர் அளவைகள் பலவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குவர். மருமகன் அதுவரை நம்பியது உரையை. உரை அளவையாதற்கு உரைப்பவர் உண்மை உணர்ந்தவராயிருத்தல் வேண்டும். அண்டை அயலார் அனைவரும் அத்தகையர் அல்லர். என் மாணாக்கரோ கருதலிலிருந்து தொடங்கினார். காரணம் நான்காயிருக்கலாம் என்று விரல் மடித்தார். ஒன்று, அமுக்க ஆளி வேலை செய்யாமை. இரண்டு, பம்பிகளுள் ஒன்று தளர்ந்தமை. மூன்று, பம்பியின் ஒருவழி வால்வு பழுதாதல். அவ்வாறாயின் ஒரு பம்பி தள்ளும் பெற்றோல், ஓடாத பம்பியினூடாகத் தாங்கிக்கே திரும்பிவிடும். நான்கு, பம்பிகள் நல்லனவாயிருந்தும் அவற்றுக்கு மின் போதாமை.

அதன்பின்னரே காண்டல். கராச்சின் கதவுகளை விரியத் திறந்தார். தீயணைக்கும் கருவியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார். குழாயைக் கழற்றுமுன் அதிலிருந்த அமுக்கத்தை இறக்கினார். ஆளியின் குழலிற் கைப்பம்பினாற் காற்றடித்தார். உரிய அமுக்கத்தில் இரண்டாம் பம்பி முரலும் ஒலி கேட்டது. முதற்காரணம் நீங்கிற்று. பின்னர், பெற்றோற் குழாயில் அமுக்கமானியைப் பொருத்தி, எஞ்சினிலிருந்து தாங்கிக்குத் திரும்பும் பெற்றோலை ஓர் அளவுப் பாத்திரத்தில் விட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி பம்பிகளை ஒவ்வொன்றாக ஓட்டினார். இரண்டும் ஏறத்தாழச் சம அளவு தள்ளின. ஒன்று ஓட மற்றது நின்றபோதும் அமுக்கம் தளரவில்லை. இரண்டையும் நிறுத்திய பின்னும் ஊசி உடனே வீழவில்லை. இரண்டாங் காரணமும் மூன்றாங் காரணமும் நீங்கின.

இனி, இரண்டையும் ஒருங்கே ஓட்டினார். இருமடங்கு பெற்றோல் வரவேண்டும். ஒன்றரை மடங்களவே வந்தது! தனித்து நின்றால் நன்றாக உழைக்கும் இரண்டு, சேர்ந்தவுடன் சோர்வது ஏன்?

விடையை மீற்றர் கூறியது. எஞ்சினை ஓடவிட்டுப் பற்றறியின் முனைகளில் அளந்தார்: 13.5 வோல்ற்று. பம்பியின் முனைகளில் அளந்தார்: ஒரு பம்பி ஓடும்போது 12, இரண்டும் ஓடும்போது 10.5. வழியில் 3 வோல்ற்று தொலைந்திருந்தது. ஒரு பம்பி இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 10 அம்பியர். மெல்லிய கம்பியும் அதன் இணைப்புகளும் சேர்ந்து 0.15 ஓம் தடையாகுமாயின், ஒரு பம்பிக்கு 1.5 வோல்ற்றும் இரு பம்பிக்கு 3 வோல்ற்றும் இழப்பாகும். இஃது எம் பாடசாலைப் பிள்ளைகள் படிக்கும் ஓமின் விதியேயன்றி வேறன்று. ஒரு பம்பிக்கென இட்ட கம்பியிலேயே இரண்டாவதையும் இணைத்திருந்தனர். ஒருவர்க்கு ஆக்கிய சோற்றை இருவர் உண்டமையால் இருவரும் பசித்திருந்தனர்.

இதனினுங் கொடியது ஒன்று பின்னர் வெளிப்பட்டது. அக்கம்பிக்கு 15 அம்பியர் பியூஸ் இருந்திருத்தல் வேண்டும். இருந்ததோ 30 அம்பியர் பியூஸ். பழையது எரிந்தபோது, ஏன் எரிந்தது என்று வினவாமற் பெரியதை இட்டிருக்கின்றனர். கம்பி சுடுமுன் தான் எரிந்து எச்சரிப்பது பியூஸின் கடமை. அதன் வாயை அடைத்துவிட்டார்கள். 3 வோல்ற்றை 20 அம்பியராற் பெருக்கினால் 60 வாற்று. அவ்வளவும் வெறும் சூடாகக் கம்பியிலும் இணைப்புகளிலும் வெளிப்பட்டது. பெற்றோல் தாங்கியின் மேலிருந்த இணைப்பைக் கழற்றிக் காட்டினார். அதன் வெள்ளைப் பிளாஸ்ரிக் மஞ்சளித்து, ஒரு மூலை கருகியிருந்தது. மருமகன் ஒன்றும் பேசவில்லை.

“பெரிய பம்பிகளை வாங்கிப் பூட்டியிருந்தால்?” என்று கேட்டேன்.

“அவை இன்னுங் கூட மின்னோட்டத்தை இழுக்கும், ஐயா. இழப்பும் கூடும், சூடும் கூடும். தம்பி காசு கொடுத்து நெருப்பை வாங்கியிருப்பார்” என்றார்.

பரிகாரம் எளியது. பற்றறியிலிருந்து ஒவ்வொரு பம்பிக்கும் தனித்தனியே தடித்த கம்பி இட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிலேயும், பற்றறிக்கு அண்மையிற் கம்பியின் தாங்குதிறனுக்கேற்ற பியூஸும் வைத்தார். மின் திரும்பிச் செல்லும் கம்பியையும் தடிப்பாக்கி, வண்டியின் உடம்பிற் சுரண்டித் துப்புரவாக்கிய இடத்தில் முடுக்கினார். பழைய கம்பி இனி ரிலேக்குக் கட்டளையை மட்டுமே சுமக்கும். எஞ்சின் நின்றாற் பம்பிகளும் நிற்கும் ஒழுங்கு கெடாதவாறு பார்த்துக்கொண்டார். விபத்து நேரும்போது பெற்றோல் பீறிடாதிருத்தற்கு அஃது இன்றியமையாதது. சாரதியின் கண்முன்னே ஒரு பெற்றோல் அமுக்கமானியையும் பூட்டினார். மௌனமாகக் கெடும் பொருளுக்கு ஒரு நாவைக் கொடுத்தார் எனலாம். மறுபடி அளந்தபோது, இரு பம்பிகளும் ஓட 13 வோல்ற்று நின்றது. வீதியில் ஓட்டிப் பார்த்தபோது, டர்போ 0.8 பாரைத் தொட்டதும் அமுக்கமானியின் ஊசி 3.8 இல் அசையாது நின்றது. பழைய பம்பிகளே போதியனவாயின.

விடைபெறும்போது அவரைப் பாராட்டினேன். அவர் கைகளைத் துடைத்தபடி, “விதியைச் சொல்லாமல் விடையை மட்டும் எழுதினாற் புள்ளி இல்லை என்று நீங்கள்தானே சொல்வீர்கள், ஐயா” என்றார். அன்று அவருக்கு யான் புள்ளி குறைத்ததும் அதனாலேதான் என்பது நினைவுக்கு வந்தது.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. பிள்ளையொருவன் பரீட்சையிற் பின்தங்கினால் நாம் யாது செய்கின்றோம்? ஒரு ரியூசன் வகுப்புப் போதாதென்று இரண்டாவதற்கு அனுப்புகின்றோம்; அதுவும் போதாதெனின் பெரிய ஆசிரியரைத் தேடுகின்றோம். அவன் காலையில் உண்டு வருகிறானா, இரவில் உறங்குகிறானா, கரும்பலகை அவன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று அளந்து பார்ப்பவர் எத்துணையர்? அடுத்த தவணை தொடங்கும்போது, பாடநூலைத் திறக்குமுன் என் வகுப்பிற் கடைசி வாங்கு வரை சென்று இவற்றைக் கேட்பதென்று எண்ணியிருக்கின்றேன்.