வேர் உட்பூசணமும் மிளகின் வாடல் நோயும்

வேர் உட்பூசணம் என்பது செடியின் வேருக்குள் புகுந்து, தீங்கு செய்யாமல் அதனுடன் கூடி வாழும் மண்பூசணம் ஆகும். உழவர்கள் இதனை 'வாம்' என்ற பெயரில் அறிவர். பெரும்பாலான பயிர்களின் வேர்களில் இது வாழ்கிறது. முட்டைக்கோசு, முள்ளங்கி போன்ற கடுகுக் குடும்பப் பயிர்கள் விதிவிலக்கு. பூசணமும் வேரும் இணைந்த அமைப்புக்கு 1885இல் 'மைக்கோரைசா' எனப் பெயரிட்டவர் ஜெர்மானிய அறிவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் பிராங்க்.

ஏற்காட்டு மிளகும் நோயும்

சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது ஏற்காடு. இங்குள்ள காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றப்படுகிறது. மிளகின் கொடிய எதிரி விரைவு வாடல் நோய். இதை உண்டாக்கும் பைட்டோப்தோரா கேப்சிசி, பூசணம் போலத் தோன்றினாலும் உண்மையான பூசணம் அன்று. மழைக்காலத்தில் மண்ணில் நீர் தேங்கும்போது இதன் நீந்தும் வித்துகள் வேரை அடைகின்றன. அழுகல் அடித்தண்டுக்குப் பரவினால் சில வாரங்களில் கொடி பட்டுப்போகும். இலை வாடுவது நம் கண்ணில் படும்போது கீழே வேர் அழுகியிருக்கும். அதன் பின் கொடியைக் காப்பது அரிது.

பாதுகாக்கும் விதம்

வேர் உட்பூசணம் மூன்று வழிகளில் உதவுகிறது.

முதலாவது, ஊட்டம். பூசண இழைகள் வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவருகின்றன. கைம்மாறாகச் செடி சர்க்கரையும் கொழுப்பும் தருகிறது. ஊட்டம் பெற்ற செடி, இழந்த வேருக்கு ஈடாகப் புது வேர் விடும்.

இரண்டாவது, இடம். பூசணம் முன்பே குடியேறிய வேரில் நோய்க்கிருமிக்கு இடமும் உணவும் குறைகின்றன.

மூன்றாவது, விழிப்பு. அம்மை குத்திய உடல் நோயை எதிர்க்க ஆயத்தமாக இருப்பது போல, பூசணம் குடியேறிய செடி கிருமி தாக்கியதும் விரைந்து எதிர்க்கிறது. இதில் ஜாஸ்மோனிக் அமிலத்திற்குப் பங்குண்டு.

எனினும் இது எல்லா நோய்க்கும் மருந்தன்று. காப்பியின் இலைத் துரு போன்ற நோய்களுக்கு இதை நம்பியிருக்க இயலாது.

பயன்படுத்தும் முறை

இந்தப் பூசணம் உயிருள்ள வேரில்தான் பெருகும். ஆகவே மக்காச்சோளம் போன்ற பயிரின் வேரில் வளர்த்து, மண்கலவையாக வழங்குகின்றனர். நோய் வந்த கொடிக்கு இடுவதைவிட, நாற்றங்காலில் பை நிரப்பும்போதே இட வேண்டும். துளிர்க்கும் வேர் கலவையைத் தொடுமாறு வைப்பது முக்கியம்.

கிருமியை நேரடியாகத் தாக்கி அழிக்கும் டிரைக்கோடெர்மா வேறு வகைப் பூசணம். இரண்டையும் நாற்றங்காலில் பயன்படுத்தலாம். மணிச்சத்து உரம் மிகுந்தால் வேரில் உட்பூசணம் குறையும். மண்ணில் ஊற்றும் சில பூசணக்கொல்லிகளும் அதைக் கெடுக்கும். வடிகால் வசதி இல்லாத தோட்டத்தில் உட்பூசணம் மட்டும் கொடியைக் காப்பாற்றாது. உள்ளூர் மண்ணுக்கேற்ற ஆலோசனையை ஏற்காட்டிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம்.