'ஃப்ரீ'யா இருக்கீங்களா? அரபியில் சொல்லுங்க பார்ப்போம்!

இங்கிலீஷில் பொடிப்பொடி வார்த்தைகள்தான் ஸார் பெரிய போக்கிரிகள்! 'ஹைட்ரஜன்', 'பார்லிமென்ட்' போன்ற பெரிய மனிதர்கள் எந்த மொழிக்குப் போனாலும் ஒழுங்காக நடந்துகொள்வார்கள். 'ஃப்ரீ', 'ரைட்', 'டேட்' மாதிரி பொடியன்கள்தான் இடத்துக்கு ஒரு வேஷம் போடுவார்கள். இவர்களை அரபிக்கு அழைத்துப்போகும் மொழிபெயர்ப்பாளர் பாடு திண்டாட்டம்தான்.

'ஃப்ரீ'யையே எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு வாங்கினால் சீப்பு ஃப்ரீ. அரபியில் அது 'மஜ்ஜானி'. ஜெயிலிலிருந்து வெளியே வந்தவரும் ஃப்ரீதான். ஆனால் அவர் 'ஹுர்'. "சாயங்காலம் ஃப்ரீயா?" என்று நண்பரைக் கேட்டால், பேச்சுவழக்கில் 'ஃபாதி'. சுகர் ஃப்ரீ பிஸ்கட்டா? 'காலின் மின் அஸ்ஸுக்கர்'. நாலு ஃப்ரீக்கு நாலு வார்த்தை. இடம் மாறினால் சீப்புக்கு விடுதலை கிடைக்கும், கைதி இலவசமாகிவிடுவார்!

கூத்து அதோடு முடியவில்லை. அந்தக் 'காலின்' எழுத்தில் 'கால்' என்றுதான் தெரியும். அதே எழுத்துக்களுக்குத் தாய்மாமன் என்றும் கன்னத்து மச்சம் என்றும் அர்த்தம் உண்டு. அவசரமாகப் படித்தால், பிஸ்கட் பொட்டலத்தில் இருப்பது சர்க்கரையால் செய்த தாய்மாமன்!

'ரைட்' என்றால்? வலது கை 'யமீன்'. உரிமை 'ஹக்'. சரியான விடை 'ஸஹீஹ்'. நம்ம ஊர் கண்டக்டர் "ரை... ரைட்!" என்று குரல் கொடுத்தால் வண்டி கிளம்புகிறதே, அதற்கு எதைப் போடுவது? மூன்றில் எதைப் போட்டாலும் வண்டி நகராது.

'டேட்' கதை தித்திப்பு. காலண்டர் தேதி 'தாரீக்'. குறித்த நேரத்தில் சந்திப்பது 'மவ்இத்'. பேரீச்சம்பழம் 'தமர்'. அரபு வியாபாரிகள் நம் புளியைப் பார்த்து 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்று பெயர் வைத்தார்கள். அதுதான் இங்கிலீஷில் 'டாமரின்ட்' ஆனது. நம் வீட்டு ரசத்துக்குள்ளேயே ஒரு அரபி மொழிபெயர்ப்பு மிதக்கிறது!

'அங்கிள்', 'ஆன்ட்டி' விஷயத்தில் அரபி நம்ம கட்சி. அப்பாவின் சகோதரர் 'அம்', அம்மாவின் சகோதரர் 'கால்'. வெறும் 'அங்கிள்' என்று எழுதிக் கொடுத்தால், "எந்தப் பக்கத்து அங்கிள்?" என்று திருப்பிக் கேட்காமல் மொழிபெயர்க்கவே முடியாது. 'கஸின்' என்றால் எட்டு விதம்: அம் மகனா மகளா, கால் மகனா மகளா, அத்தை பெற்றதா, சித்தி பெற்றதா... சித்தப்பாவும் மாமாவும் ஒன்றா என்று சண்டைக்கு வரும் நம் பாட்டிகளுக்கு இது உடனே புரியும். ஒரே ஒரு எச்சரிக்கை: அரபியில் 'அம்மா' என்றால் அத்தை!

இந்தத் தடுமாற்றம் இன்று நேற்று வந்ததல்ல. ஆர்யபட்டர் காலத்துக் கணிதத்தில் 'ஜ்யா', 'ஜீவா' என்று ஒரு அளவு. அரபிக்குப் போனபோது அதை ஒலி மாறாமல் 'ஜீப' என்று எழுதினார்கள். அதே எழுத்துக்களை 'ஜய்ப்' என்றும் படிக்கலாம். அதற்குச் சட்டையின் மடிப்பு, மார்பு என்று பொருள். 12-ம் நூற்றாண்டில் லத்தீனுக்கு மாற்றியவர்கள் இந்த 'ஜய்ப்'பைப் பிடித்துக்கொண்டு 'ஸைனஸ்' என்று எழுதினார்கள். அதுதான் இன்று பிளஸ் டூ பிள்ளைகளை மிரட்டும் 'ஸைன்'. இன்றைய அரபியில் 'ஜய்ப்' என்றால் பாக்கெட். நம்ம 'ஜேப்பு'ம் அங்கிருந்து வந்ததே. ஆக, ஸைன் தீட்டாவும் ஜேப்படித் திருடனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

சிரித்தாச்சு. இப்போது வயிற்றுப்பாட்டுக்கு வருவோம். வளைகுடாவில் வேலைக்குப் போகிற நம்மவர்கள் பலர் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் அரபி இருக்கும். இரண்டும் முட்டிக்கொண்டால்? சவுதியின் 2005-ம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம், 9-வது பிரிவு, தெளிவாகச் சொல்கிறது: அரபி வாசகம்தான் செல்லும். இங்கிலீஷில் 'லீவ்' என்று மூன்று இடத்தில் இருக்கலாம். வருஷ விடுமுறை 'இஜாஸா'. நாட்டை விட்டுக் கிளம்புவது 'முகாதரா'. வேலையைக் கைவிடுவது 'தர்க்'. ஒன்றுக்கு ஒன்று மாறி விழுந்தால் ஊருக்கு வரும் சந்தோஷம், வேலை போன சோகமாகிவிடும்.

மெஷின் பார்த்துக்கொள்ளாதா என்கிறீர்களா? 2017 அக்டோபரில் நடந்ததைக் கேளுங்கள். மேற்குக்கரையில் கட்டட வேலை பார்த்த ஒரு பாலஸ்தீனர், புல்டோஸர் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவை ஃபேஸ்புக்கில் போட்டு, அரபியில் காலை வணக்கம் சொன்னார். ஃபேஸ்புக்கின் தானியங்கி மொழிபெயர்ப்பு அதை ஹீப்ரூவில் 'அவர்களைத் தாக்கு' என்று ஆக்கிவிட்டது! இஸ்ரேலிய போலீஸ் ஆளைப் பிடித்து, மணிக்கணக்கில் விசாரித்து, அப்புறம்தான் தவறு தெரிந்து விட்டது. அரபி தெரிந்த ஒரு போலீஸ்காரர்கூடக் கைதுக்கு முன்னால் அந்த வரியைப் படித்துப் பார்க்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. பாவம், குட்மார்னிங் சொன்னதற்கு லாக்கப்!

இதற்கு மருந்து ஆயிரம் வருஷத்துக்கு முன்பே பாக்தாதில் கண்டுபிடித்தாயிற்று. ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809-873) என்ற வைத்தியர், காலென் எழுதிய கிரேக்க மருத்துவ நூல்களை அரபிக்குக் கொண்டுவந்தார். வார்த்தைக்கு வார்த்தை மாற்றுவது ஒரு பழைய வழி. ஹுனைன் அந்த வழியில் போகவில்லை. வாக்கியம் முழுவதையும் படித்து, மனசில் வாங்கிக்கொண்டு, பிறகு தம் மொழியில் எழுதினார் என்று 14-ம் நூற்றாண்டு அறிஞர் ஸஃபதி பாராட்டுகிறார். மருந்துச் சீட்டில் வார்த்தை புரண்டால் நோயாளி புரண்டுவிடுவார் என்பது வைத்தியருக்குத் தெரியாதா?

நமக்கும் அதே மருந்துதான். ஒப்பந்தமோ மருந்துச் சீட்டோ, "இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று ஒற்றை வார்த்தையை நீட்டாதீர்கள். முழு வாக்கியத்தையும் காட்டுங்கள். கையெழுத்துக்கு முன்னால் அரபிப் பக்கத்தைத் தெரிந்தவரிடம் கொடுத்து, வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்பட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

கடைசியாக ஒன்று. அரபு வீட்டில் தட்டை நீட்டி "மஅமூல்" என்று உபசரித்தால், பர்ஸைத் தடவிப் பார்க்காதீர்கள். அது பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட பிஸ்கட். தைரியமாக எடுத்துச் சாப்பிடுங்கள். அங்கே மாமூல் இனிக்கும்!