ப்ரதீகமும் படக்குறிப்பும்
ஸ்கேன் செய்த ஸ்ரீகோசங்களைக் குறிப்புரைப் படங்களாக்கும் முறை

மூலம், அதற்கு வியாக்கியானம், வியாக்கியானத்திற்கு அரும்பதவுரை, அவற்றில் எடுத்தாளப்பட்ட வாக்கியங்களுக்குப் பிரமாணத் திரட்டு என அடுக்கடுக்காக வளர்ந்தது ஸ்ரீவைஷ்ணவ நூல் மரபு. இந்த அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காத்தது ப்ரதீகம். உரைகாரர் தாம் விளக்கப்புகும் மூலச்சொல்லை முதலில் எடுத்துக்காட்டிவிட்டே பொருள் உரைப்பார். எது ஆழ்வார் வாக்கு, எது ஆசார்யர் வாக்கு என்பதில் படிப்பவருக்கு ஐயம் எழுவதில்லை.

இன்று அதே நூல்கள் ஸ்கேன் செய்யப்பட்டு, பக்கம் பக்கமாகப் படங்களாகக் கைபேசிகளில் உலவுகின்றன. ஒரு வரியின்கீழ்ச் சிவப்புக் கோடும் ஓரத்தில் ஒரு விளக்கமும் சேர்ந்திருக்கும். நூலின் பெயர், பதிப்பு, பக்க எண் ஆகியவை இருப்பதில்லை. விளக்கம் யாருடையது என்பதும் தெரிவதில்லை. சில மாதங்களில் அவ்விளக்கம் பூர்வாசார்யர் வாக்காகவே மேற்கோள் காட்டப்படுகிறது. ஸ்கேன் செய்த பக்கத்தைக் குறிப்புரைப் படமாக்குவது பயனுள்ள கைங்கர்யமே. அது வியாக்கியான மரபின் ஒழுங்குக்கு உட்பட்டு நடைபெற வேண்டும் என்பதே இங்கு விளக்கப்படுகிறது.

பூர்வர் காட்டிய நெறி

இதற்கு வேண்டிய விதிகள் மரபிலேயே உள்ளன. நம்பிள்ளையின் காலக்ஷேபத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தியது ஈடு முப்பத்தாறாயிரப்படி. அதில் எடுத்தாளப்பட்ட பிரமாண வாக்கியங்கள் எந்தெந்த நூலைச் சேர்ந்தவை என்பதை மணவாள மாமுனிகள் தேடித் தனியே திரட்டி வைத்தார். ஈட்டின் நடுவே அவற்றைச் சேர்த்தெழுதாமல் தனி நூலாகவே அமைத்தார். குறிப்பு மூலத்திற்குத் துணை நிற்கலாம். மூலத்திற்குள் புகுதல் ஆகாது என்னும் நெறி இதிலிருந்து கிடைக்கிறது.

பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய உரையின் பெரும்பகுதி செல்லரித்து அழிந்தது என்பது மரபு. அழிந்த பகுதிக்கு மட்டும் மாமுனிகள் வியாக்கியானம் அருளிச்செய்து, எஞ்சிய பழைய உரை தொடங்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டார். முழுவதற்கும் தாமே உரையிட வல்லவராயிருந்தும் முன்னோர் வாக்கு இருக்குமிடத்தில் தம் வாக்கை இடவில்லை. குறிப்பு எழுதுவோர் எவ்விடத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஒற்றைப்பிரதியின் ஆபத்தையும் மரபு அறிந்திருந்தது. நஞ்சீயர் தம் ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்கக் கொடுத்தபோது, அவ்வேடு காவிரி வெள்ளத்தில் போயிற்று என்றும், நம்பிள்ளை தம் நினைவிலிருந்து அதை மீண்டும் எழுதி ஸமர்ப்பித்தார் என்றும் குருபரம்பரை கூறும். எல்லா ஏட்டிற்கும் ஒரு நம்பிள்ளை வாய்ப்பதில்லை.

திருவொற்றியூரும் காலடிப்பேட்டையும்

வடசென்னைக் கடற்கரையில் இவ்வாபத்து இன்றும் உண்டு. இராயபுரம் முதல் எண்ணூர் வரை உப்புக்காற்றும் ஈரமும் காகிதத்தையும் ஓலையையும் அரிக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், எர்ணாவூர்ப் பகுதிகளில் எண்ணெய் கலந்த வெள்ளநீர் வீடுகளுக்குள் புகுந்தது. அத்தகைய நீரில் நனைந்த ஏடு உலர்த்தினாலும் தேறாது. ஆதலால் வீடுகளிலும் திருமாளிகைகளிலும் உள்ள ஸ்ரீகோசங்களைப் படமெடுத்து வைப்பது இப்பகுதியில் ஒத்திப்போடத்தக்க பணியன்று.

இப்பகுதிக்கு உரை மரபோடு பழைய தொடர்பும் உண்டு. திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் அங்கே வியாகரண தான வியாக்கியான மண்டபம் ஒன்று இருந்ததைத் தெரிவிக்கின்றன. பாணினி இலக்கணம் பயிற்றுவதற்காக அதற்கு நிலமும் விடப்பட்டிருந்தது. கல்வெட்டின்மேல் ஈரத்தாளை அறைந்து மையொற்றி எடுக்கப்படும் மைப்படியில் கருநிறத்தின் நடுவே எழுத்து வெண்மையாகத் தெரியும். கல் சிதைந்தபின் மைப்படியே மூலமாகிவிடும். மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொணருமாறு 2021 ஆகஸ்டில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஆணையிட்டதும் அவற்றின் அருமை கருதியே.

திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டையில் கல்யாண வரதராஜப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட் பேட்டையே காலடிப்பேட்டை ஆயிற்று. இவ்வூரைப் பற்றிய செய்தி ஆங்கிலேயர் ஆவணங்களிலும் உண்டு. ஊரார் வழங்கும் ஐதிஹ்யமும் உண்டு. இரண்டையும் ஒரே பக்கத்தில் காட்ட வேண்டியிருப்பதால், குறிப்புரைப் படத்திற்கு இது ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

மூலப்படம்

முதற்பணி, எவ்வகை மாற்றமும் செய்யப்படாத மூலப்படம். அச்சுநூலுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் போதும் என்பர். கிரந்த எழுத்தும், தமிழெழுத்தின்மேல் 2, 3, 4 என்று வர்க்கம் குறிக்கும் நுண்ணெண்களும் உள்ள மணிப்பிரவாளப் பதிப்புக்கு 400 அல்லது 600 நலம். கருப்பு வெள்ளையாக அன்றி வண்ணத்தில் எடுக்க வேண்டும். கறைக்கும் புள்ளிக்கும் வேறுபாடு வண்ணத்தில்தான் தெரியும். பக்கத்தின் நான்கு விளிம்பும் படத்துள் அடங்க வேண்டும். முகப்புப் பக்கம், முகவுரை, பிழைதிருத்தப் பட்டியல் ஆகியவற்றை விடலாகாது.

6 அங்குல அகலமும் 9 அங்குல உயரமும் உள்ள பக்கம் 400 புள்ளியளவில் 2400க்கு 3600 புள்ளிகள் கொண்ட படமாகும். சுருக்கப்படாத டிஃப் கோப்பாக அது ஏறத்தாழ 26 மெகாபைட் இடம் கொள்ளும். 400 பக்க நூலுக்குப் பத்து கிகாபைட்டுக்குச் சற்று மேல் ஆகும். இன்றைய நிலையில் இது பெரிய அளவன்று. இம்மூலத்தை இரண்டு வேறு இடங்களில் வைத்துவிட்டு, அதன் பிரதியின்மீதே பிற பணிகளைச் செய்ய வேண்டும்.

ஓலைச்சுவடியை ஸ்கேனர் மூடியின்கீழ் அழுத்தலாகாது, விளிம்பு ஒடியும். மேலிருந்து கேமராவால், பக்கவாட்டில் சாய்ந்த ஒளியில் எடுத்தால் மையேறாத கீறல்களும் தெரியும். அளவுகோல் ஒன்றையும் வண்ண அட்டை ஒன்றையும் அருகில் வைத்து எடுப்பது முறை.

குறிப்பின் நான்கு அடுக்குகள்

குறிப்புகளை மரபின் பெயர்களாலேயே நான்காகப் பகுத்துக்கொள்ளலாம். முதலாவது பாடம்: பக்கத்தில் உள்ளதை உள்ளவாறு இன்றைய எழுத்தில் தருவது. ஓலையில் புள்ளி இராது; எகர ஏகார வேறுபாடும், ரகரத்திற்கும் காலுக்கும் உள்ள வேறுபாடும் தோன்றா. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய அச்சில் ணை, லை, னை முதலியன வேறு வடிவின. தெலுங்கெழுத்திலும் கிரந்தத்திலும் அச்சான பழைய வியாக்கியானப் பதிப்புகளை இன்று படிப்பவர் குறைவு. ஆகவே வாசித்த பாடம் வேறு, ஊகித்த பாடம் வேறு என்று காட்டியாக வேண்டும். சிதைந்த எழுத்தைப் பகர அடைப்புக்குள் இடும் கல்வெட்டறிஞர் வழக்கத்தை இங்கும் கொள்ளலாம்.

இரண்டாவது அரும்பதம்: சொற்பொருள். மூன்றாவது பிரமாணம்: எடுத்தாளப்பட்ட வாக்கியத்தின் ஆகரம். நான்காவது ஐதிஹ்யம்: பரம்பரையாகக் கேட்டுவரும் செய்தி. ஒவ்வொன்றிற்கும் ஒரு நிறமும் ஓர் எழுத்தடையாளமும் வேண்டும். நிறத்தை மட்டும் நம்பினால், நிறப்பார்வைக் குறையுள்ளோர்க்கும் கருப்பு வெள்ளையில் அச்சிட்டுப் படிப்போர்க்கும் அடுக்கு விளங்காது.

காலடிப்பேட்டைக்கு இது பொருந்தும் விதம் வருமாறு. எச். டி. லவ் 1913இல் வெளியிட்ட ‘வெஸ்டிஜஸ் ஆஃப் ஓல்டு மெட்ராஸ்’ நூலில் இவ்வூர் குறித்த பக்கத்தைப் படமாக்கினால், ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துவடிவம் பாடக்குறிப்பில் அடங்கும். அக்கால ஆங்கில ஆவணங்களில் ‘பகோடா’ என்பது கோயிலையும் குறிக்கும், பொற்காசையும் குறிக்கும். எவ்விடத்தில் எப்பொருள் என்பது அரும்பதம். காலெட்டின் கடிதங்களை 1933இல் டாட்வெல் பதிப்பித்திருப்பதைச் சுட்டுவது பிரமாணம்.

காலெட்டிடம் பணிபுரிந்த வீரராகவன் என்னும் வைணவர், தாம் இருந்த இடத்திலிருந்தே காஞ்சி வரதர் ஸந்நிதியில் அப்போது நிகழ்வதைச் சொன்னார் என்றும், விசாரித்ததில் அது மெய்யாகவே காலெட் இங்குக் கோயில் எழுப்ப முன்வந்தார் என்றும் ஊரார் வழங்குவது ஐதிஹ்யம். இதனை ஆவணத்தின் வரிக்கு விளக்கமாக எழுதிவிட்டால், ஆவணமே அவ்வாறு கூறுவதாகப் படிப்பவர் மயங்குவர். பின்னர் ஆவணத்தைத் தேடிப் பார்ப்பவர் அது அங்கில்லை என்று கண்டு ஐதிஹ்யத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவர். தனி அடுக்கில் தக்க பெயருடன் வைத்தால் இரண்டிற்கும் ஏற்றமே. வியாக்கியாதாக்கள் ஐதிஹ்யத்தை ஐதிஹ்யம் என்று சொல்லியே எடுத்தாண்டனர்.

இடஞ்சுட்டும் முறை

கணினியில் ப்ரதீகத்தின் பணியைச் செய்வது இடஞ்சுட்டு எண். குறிப்பிட்ட சொல் படத்தின் இடவிளிம்பிலிருந்தும் மேல்விளிம்பிலிருந்தும் எத்தனை புள்ளி தள்ளியுள்ளது, அதன் அகலம் உயரம் எவ்வளவு என்னும் நான்கு எண்களால் அந்த இடம் குறிக்கப்படும். குறிப்பு தனிக் கோப்பில் இருக்கும், படம் தீண்டப்படாது. 2011இல் பிரிட்டிஷ் நூலகம் முதலிய நூலகங்கள் கூடித் தொடங்கிய ‘ட்ரிபிள் ஐ எஃப்’ என்னும் பட ஒழுங்கும், 2017 பிப்ரவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஏற்ற குறிப்புரை நியமமும் இவ்வடிப்படையில் அமைந்தவை. ஒவ்வொரு குறிப்பும் இலக்கு, உரை என இரு பகுதியாய் இருக்கும். எழுதியவர் பெயரையும் நாளையும் உடன் சேர்க்கலாம். ஒரே பக்கத்திற்கு இரு வித்வான்கள் எழுதிய மாறுபட்ட குறிப்புகளை வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது மூடலாம். மிராடார் போன்ற இலவசப் படிப்பான்கள் இதற்கு உதவும்.

பகிரும்போது

கைபேசிச் செய்தியாகப் பகிர, குறிப்புகள் படத்தோடு ஒன்றிய தட்டைப்படமே பெரும்பாலும் பயன்படும். அப்போதும் எழுத்தின்மேல் நிறம் பூசலாகாது. பக்கத்தைச் சுற்றி வெற்றிடம் கூட்டி, அதில் எண்ணிட்ட குறிப்புகளை எழுதி, மெல்லிய கோட்டால் இணைக்க வேண்டும். அடியில் ஒரு பட்டையில் நூல், உரையாசிரியர், பதிப்பாண்டு, பக்கம், ஏடு உள்ள இடம், குறிப்பெழுதியவர், நாள், மூலப்படம் கிடைக்கும் முகவரி ஆகியவை இருத்தல் வேண்டும். கோப்பினுள் பதித்த தகவலைச் செய்திச் செயலிகள் நீக்கிவிடுவதுண்டு. கண்ணுக்குத் தெரியும் பட்டையே எஞ்சும். அவை படத்தைச் சுருக்குவதையும் கருத வேண்டும். முன்சொன்ன பக்கத்தின் உயரம் 1600 புள்ளியாகக் குறைந்தால் அங்குலத்திற்கு 178 புள்ளிகளே எஞ்சும். வர்க்க எண்கள் மங்கிவிடும். ஆகவே முழுப்பக்கத்தோடு, விளக்கவேண்டிய பகுதியைப் பெரிதாக்கிய படம் ஒன்றும் உடன் செல்வது நன்று.

படத்திலுள்ள எழுத்தைத் தேட இயலாது; பார்வையற்றோர்க்கான கருவி அதைப் படிக்காது. ஆதலால் பாடத்தையும் குறிப்பையும் யூனிகோட் எழுத்தில் தனியே இணைக்க வேண்டும். கிரந்தத்திற்கு 2014 முதல் யூனிகோடில் இடமுண்டு.

உரிமையும் கருதத்தக்கது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். பூர்வாசார்யர் நூல்களுக்கு அவ்வரம்பு இல்லை. அண்மைப் பதிப்பாசிரியரின் முன்னுரைக்கும் அடிக்குறிப்புக்கும் உண்டு. குடும்பத்தார் வைத்துள்ள ஏட்டிற்கு அவர்களது இசைவு வேண்டும். ஆசார்ய முகமாகவே அறியத்தக்கவை என்று மரபு கருதும் பகுதிகளைப் பாதுகாப்புக்காகப் படமெடுப்பது ஒன்று, பொதுவெளியில் பகிர்வது மற்றொன்று. ஏடு உடையவரோடும் பெரியோரோடும் கலந்து முடிவு செய்வதே முறை.

ஓராண்வழியாய் வந்த அர்த்தங்களை ஆசையுடையோர்க்கெல்லாம் வழங்கிய எம்பெருமானாரின் கருணை இம்மரபுக்கு அடித்தளம். அக்கருணையோடு, சொன்னவர் பெயரை மறைக்காத நேர்மையும் இதன் தன்மை. ஓர் எளிய சோதனை உண்டு: குறிப்புகள் அனைத்தையும் நீக்கினால் பழைய பக்கம் ஒரு புள்ளியும் குறையாமல் அப்படியே எஞ்ச வேண்டும், எஞ்சிய பக்கத்தைக் கொண்டே குறிப்பின் மெய்ம்மையைச் சோதிக்கவும் இயல வேண்டும்.