மன்னரின் மடல்

1918-ஆம் ஆண்டின் இறுதியில், ஜெர்மானியச் சிறைமுகாம்களிலிருந்து தாயகம் திரும்பிய பிரிட்டிஷ் போர்வீரர்களுக்கு ஒரு மடல் கிடைத்தது. அதை எழுதியவர் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ். பொறுமையோடும் துணிவோடும் துன்பத்தைத் தாங்கியவர்களை அரசியாரும் தாமும் வரவேற்பதாக அதில் குறித்திருந்தார். இனியேனும் அவர்கள் இல்லத்தின் இன்பத்தைத் துய்க்கவேண்டும் என்று வாழ்த்தியும் இருந்தார்.

மன்னர் எழுதியது ஒரே மடல்தான். அவருடைய கையெழுத்தின் சாயல் மாறாதவாறு அதைக் கல்லச்சில் படியெடுத்து, திரும்பியோர்க்கெல்லாம் வழங்கினர். அச்சில் வார்த்த நன்றிக்கு என்ன மதிப்பு என்று நாம் வினவலாம். ஆனால், எத்தனையோ குடும்பங்கள் அத்தாளைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றிக் காத்துள்ளன. காரணம் உண்டு. பகைவரிடம் பிடிபட்ட வீரன் பலவேளை வெட்கத்தையும் சுமந்தே வீடு திரும்புகிறான். வெற்றி விழாவில் தனக்கு இடம் ஏது என்று கலங்குகிறான். அவன் பொறுத்திருந்ததும் வீரமே என்று அம்மடல் உரைத்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1945 செப்டம்பரில், மன்னர் ஆறாம் ஜார்ஜும் இவ்வாறே எழுதினார். ஜப்பானியரிடம் சிறைப்பட்டு மீண்டவர்களை வரவேற்றதோடு, மாண்டுபோன தோழர்களுக்காக அவர்களோடு சேர்ந்து தாமும் துயருறுவதாகத் தெரிவித்தார். அம்மடலைப் பெற்றவர்களுள், 1942-43-இல் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைத்து உயிர் தப்பியோரும் இருந்தனர். அப்பாதையில் மடிந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கு மேற்பட்டோர்.

அதே பாதையில், அதே காட்டில், அதே கொள்ளைநோய்க்கும் பசிக்கும் நடுவே நம்மவரும் உழைத்தனர். மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். கூலி தருவதாகக் கூறி அழைக்கப்பட்டவர்களும் உண்டு. வலிந்து பிடிக்கப்பட்டவர்களும் உண்டு. பர்மியர், மலாய்க்காரர், சாவகத்தார் முதலிய ஆசியத் தொழிலாளரையும் சேர்த்து, இறந்தவர் ஏறத்தாழ 90,000 பேர் என மதிப்பிடுவர். பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல்லறையும் இல்லை. உயிரோடு மீண்டவர்களுக்கு அரண்மனை மடலும் வரவில்லை.

மன்னர் வேண்டுமென்றே மறந்தார் என்று நாம் பழி சுமத்தவில்லை. போர்வீரனின் பெயர் படைப்பிரிவின் ஏட்டில் இருந்தது. ஆகவே மடல் அவனைத் தேடிச் சென்றது. கூலியாளின் பெயரை எழுதி வைப்பார் இல்லை. நன்றி செலுத்துவதற்கும் முதலில் ஒரு பெயர் வேண்டுமன்றோ!

மலேயாவுக்குச் சென்று திரும்பாமற்போன பெரியப்பா, தாத்தா என்று நம் குடும்பங்களில் இன்றும் பேசப்படுவோர் சிலர் உண்டு. அவர்களின் பெயரையும் ஊரையும் வீட்டு முதியோரிடம் கேட்டு இன்றே எழுதி வைப்போம். அவர்களுக்கு வராத மடலின் முதல் வரி அதுவாகவே இருக்கட்டும்.