எண்ணெயை நிறுத்தியும் கொழுப்பு குறையவில்லையே, ஏன்?

“கறியை விட்டாச்சு, எண்ணெயும் ஒரு சொட்டுதான். அப்படியும் ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்குன்னு சொல்றாங்களே?” பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பலரும் கேட்கும் கேள்வி இது. பதில் பெரும்பாலும் சோற்றுத் தட்டில் இருக்கிறது.

சீட்டில் ‘ட்ரைகிளிசரைடு’ என்றொரு வரி இருக்கும். 150-க்குள் இருந்தால் நல்லது. 200-ஐத் தாண்டினால் அதிகம். 500-க்கு மேல் போனால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. உடம்பு செலவழித்தது போக மிஞ்சுகிற மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் இந்தக் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. மதுவும் இதை ஏற்றிவிடும்.

பூந்தமல்லிக்கும் குன்றத்தூருக்கும் இடையில் உள்ள மாங்காட்டையே எடுத்துக்கொள்வோம். நெல் விளைந்த நிலங்கள் மனைகளாகி, 2021-ல் ஊர் நகராட்சியும் ஆகிவிட்டது. நாற்றுப் பிடுங்கி, வரப்பு வெட்டி, மூட்டை தூக்கிய உடம்புக்கு மூன்று வேளைச் சோறு தாங்கியது. நிலத்தோடு வேலையும் போனது. தட்டு மட்டும் சிறுக்கவில்லை. அறுவடை இயந்திரம் இறங்கிய ஊர்களிலும் இதே கதைதான்.

தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்கண்ட், சண்டிகரில் ஐ.சி.எம்.ஆர். நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில், 100 பேரில் 72 பேருக்கு நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல். குறைவு. ட்ரைகிளிசரைடு கூடியவர்கள் ஏறக்குறைய 30 பேர். மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியவர்களோ 14 பேர்தான்.

அதற்காக எண்ணெயைக் கவனிக்காமல் விட முடியாது. கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லை ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது நூற்றுக்கு 90 பங்கு, ரேஷன் பாமாயிலில் 40-க்கு மேல், கடலை எண்ணெயில் சுமார் 20. ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்ற விளம்பரத்துக்கு மயங்க வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லும்படி கிடையாது. செக்கில் ஆட்டியதாக இருந்தாலும் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் போதும்.

மதியச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் கீரையோ கொள்ளுச் சுண்டலோ வைக்கலாம். வரகு, சாமை என்றாலும் தட்டு நிறையக் கொட்டினால் கணக்கு மாறாது. ஐந்து டீ குடிப்பவர் வயிற்றுக்குள் பத்து ஸ்பூன் சர்க்கரை போகிறது. முதலில் கை வைக்க வேண்டிய இடம் அதுதான். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

எல்.டி.எல். 190-ஐத் தொட்டிருந்தால் சாப்பாட்டை மாற்றுவது மட்டும் போதாது. அது பரம்பரையாகவும் வரலாம் என்பதால் பிள்ளைகளுக்கும் பரிசோதனை தேவை. மருத்துவர் கொடுத்த ஸ்டாட்டின் மாத்திரையை, எண் இறங்கிவிட்டதென்று தானாக நிறுத்தினால் மறுபடி ஏறும். பூண்டும் வெந்தயமும் அதற்கு ஈடாகாது.

ட்ரைகிளிசரைடு அளவு சரியாகத் தெரிய, முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்து, காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும்.